வெள்ளையை ஒளித்துவைக்கும் பூ... வெள்ளையை ஒளித்துவைக்கும் கொக்கு! - முசரவாக்கத்தில் ஒரு மாலையும் ஒரு காலையும்

இந்தப் பயணம் என் தவறு ஒன்றில்தான் ஆரம்பித்தது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்குள் நாலு போட்டோ கார்டு போட்டாக வேண்டும். அந்த வாரம் பூக்கள் பற்றி ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. தாமரை முடிந்து அல்லியின் முறை. படங்கள் இருக்கும் ஃபோல்டரில் அழகான நீல அல்லி ஒன்று கிடைத்தது. அதன்மேல் 'நிலா வந்தால்தான் கண் திறக்கும் அல்லி' என்று எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். லைக்குகளுக்கும் குறைவில்லை.

மதியம் அலுவலகத்துக்கு ஒரு போன். ரிசப்ஷனிலிருந்து என் மேசைக்கு மாற்றினார்கள். வயதான குரல்.

"அந்த அல்லிப்பூ படம் போட்டது நீதானாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"பூவு மேல பளபளன்னு வெயில் அடிக்குதே. அது என்ன, நிலாவா?"

கார்டைத் திறந்து பார்த்தேன். இதழ்களின் நிழல் இலைமேல் தெளிவாக விழுந்திருந்தது. நட்டநடு வெயில்! எடிட்டர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, லைக் போட்ட ஆயிரக்கணக்கான பேரும் பார்க்கவில்லை. இவர் பார்த்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். ஊர், காஞ்சிபுரம் பக்கத்தில் முசரவாக்கம். நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். "திட்டறதுக்குக் கூப்பிடலைம்மா. பாதிப்பேர் உன்னை மாதிரிதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் எங்க ஊருக்கு வா. ரெண்டு பூ காட்டறேன். கூடவே ஒரு கொக்கும் காட்டறேன்."

"பூ சரிங்க ஐயா. கொக்கு எதுக்கு?"

"கொக்கு இல்லாம அந்தப் பூ புரியாது" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினேன். காஞ்சிபுரம் எனக்குப் புது ஊர் இல்லை. அத்தை வீடு பிள்ளையார்பாளையத்தில். மாமா பட்டு நெய்பவர். சின்ன வயதில் லீவுக்குப் போனால், தறிச் சத்தத்தில்தான் தூங்கி எழுவோம். இப்போது அந்தத் தெருவில் தறிச் சத்தம் குறைந்து, டூவீலர் சத்தம் கூடியிருக்கிறது. மூன்று மணிக்கு அத்தை பையனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். "ஒரு பூவைப் பாக்கவாக்கா சென்னையிலேருந்து வந்த?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து பாலுசெட்டிசத்திரம் பக்கம் போகும் வழி. கோயில் கோபுரங்களும் பட்டுக்கடைகளும் பின்னால் போனதும் ஊரின் முகமே மாறிவிடுகிறது. ஒருபக்கம் பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் போகும் லாரிகள். இன்னொரு பக்கம் நெல்வயல். கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் காஞ்சியைச் சொல்கிறோம். ஆனால், இந்தப் பக்கத்துக்காரர்கள் ஏரி மாவட்டம் என்று சொல்லித்தான் பெருமைப்படுவார்கள். பாக்கம், வாக்கம் என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். மழைக்காலம் முடிந்த நேரம் என்பதால் பள்ளமான இடங்களிலெல்லாம் தண்ணீர் நின்றது.

ஐயா சாலையோரத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் குடை, சட்டைப்பையில் டார்ச். பேச்சைக் குறைத்து நடையைக் கூட்டினார். வரப்பில் ஐந்து நிமிடம் நடந்ததும் ஒரு குட்டை. பெரிதில்லை, நம் ஊர் கல்யாண மண்டபத்தின் அளவு இருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு கரையில் ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தது. மறுகரையில்தான் நாங்கள் தேடி வந்தவை.

மணி நாலு. தண்ணீரின்மேல் வட்ட வட்டமாக இலைகள். அவற்றுக்கு நடுவே, ஒரு சாண் உயரத்தில் தண்டுகள் நிமிர்ந்து நிற்க, உச்சியில் வெள்ளைப் பூக்கள். ஓரிரண்டு இடத்தில் நீலமும் இருந்தது.

"தாமரையா ஐயா இது?" என்றான் அத்தை பையன்.

ஐயாவுக்கு இந்தக் கேள்வி பழக்கம் போல. கோபப்படவில்லை. "தாமரை இலை முழு வட்டம். தண்ணிக்கு மேலயே குடை மாதிரி எழுந்து நிக்கும். தண்ணி ஊத்தினா ஒட்டாம உருண்டு ஓடும். அல்லி இலையில பாரு, ஒரு வெட்டு இருக்கும். காம்பு சேர்ற இடம் வரைக்கும் கத்தரிக்கோலால வெட்டின மாதிரி. அது தண்ணியில படுத்தே கிடக்கும்."

எனக்கு இது தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். உண்மையில் தெரியாது.

"இப்ப பூவுக்கு வெளிப்பக்கம் பாரு" என்றார். அங்குதான் நான் இதுவரை கவனிக்காத ஒன்று இருந்தது. அல்லிப் பூவின் இதழ்களுக்கு வெளியே நான்கு புறவிதழ்கள். உள்பக்கம் வெளுப்பு, வெளிப்பக்கம் பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம். பூ விரிந்திருக்கும்போது அந்த நான்கும் கீழே மல்லாந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் வெள்ளை மட்டும்தான் தெரியும்.

நாலே கால். நாலரை. எங்கள் கண்முன்னால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பூ மூடுவதைப் பார்க்க முடியாது, மூடியதைத்தான் பார்க்க முடியும். செல்போனில் வந்த ஒரு மெசேஜுக்குப் பதில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அகலமாக இருந்த பூ கிண்ணமாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிண்ணம் குவளையானது. பிறகு அந்த நான்கு புறவிதழ்களும் எழுந்து, வெள்ளையைச் சுற்றி நான்கு பக்கமும் மூடிக்கொண்டன. ஐந்தே கால் மணிக்குக் குட்டையில் வெள்ளை என்று ஒரு பூகூட இல்லை. மங்கலான பச்சை மொட்டுகள்தான் நின்றன. புதிதாக வருகிற ஒருவர், 'இங்கே இன்னும் பூவே பூக்கவில்லை' என்று சொல்லியிருப்பார்.

"இப்ப கொக்கு" என்றார் ஐயா.

சுற்றிலும் பார்த்தேன். எங்கும் கொக்கு இல்லை.

"உன் காலடியிலேருந்து பத்தடி."

அப்போதும் தெரியவில்லை. அவர் குடையை லேசாக நீட்டியதும், கரையோரச் சேற்றில் ஒரு மண்கட்டி பறந்தது! பறந்ததும் அது மண்கட்டி இல்லை, பளீரென்ற வெள்ளை. இறக்கை வெள்ளை, வால் வெள்ளை. நாலைந்து அடிப்பு அடித்து எதிர்க்கரைக்குப் போய் இறங்கியது. இறக்கையை மடக்கிய அந்த நொடியில் வெள்ளை மறைந்துபோனது. மறுபடியும் பழுப்பு முதுகு, கோடு கோடாகப் பழுப்புக் கழுத்து. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கூனிப்போய் நின்றது. பச்சையும் மஞ்சளும் கலந்த கால்கள்.

மடையான் என்பார்கள். குருட்டுக் கொக்கு என்றும் பெயர் உண்டு. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் இதைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்க்காமல் கடந்திருப்பீர்கள். வயல், வாய்க்கால், குளம், சாக்கடை ஓரம் என்று எல்லா இடத்திலும் நிற்கும். ஏறக்குறைய ஒரு முழ நீளம். மீன், தவளை, பூச்சி எது வந்தாலும் சரி. ஆள் மிதிக்கும் தூரம் வரும்வரை அசையாது. அதனால்தான் இதற்குக் கண் தெரியாது என்று நம் முன்னோர் முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சிங்களத்திலும் இந்தியிலும் இதன் பெயர் கிட்டத்தட்ட இதே பொருளில்தான் இருக்கிறது. மூன்று மொழிக்காரர்களும் சேர்ந்து ஒரு பறவையைக் குருடாக்கியிருக்கிறோம். அதுவோ நம்மை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மடையான் என்ற பெயர், வாய்க்கால் மடையில் நிற்பதால் வந்தது என்றார் ஐயா. பிறகு குடையை ஊன்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

குறுந்தொகையில் 122-வது பாட்டு. எழுதியவர் ஓரம்போகியார். நாலே நாலு அடி. ஒரு பெண் மாலை நேரத்தில் தோழியிடம் பேசுகிறாள். ஆழமான தண்ணீரில் இருக்கும் ஆம்பல் பூக்கள் மூடிக்கொண்டன என்கிறாள். எப்படி மூடிக்கொண்டன? பசுமையான கால்களை உடைய கொக்கின் மங்கலான முதுகைப்போல. அவ்வளவுதான் உவமை.

ஆம்பல் என்பது அல்லிதான். கொக்கைப் பூவோடு ஒப்பிட்டால் நாம் என்ன நினைப்போம்? கொக்கு வெள்ளை, பூவும் வெள்ளை. அதனால் பொருத்தம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் ஓரம்போகியார் வெள்ளை என்று சொல்லவே இல்லை. கொக்கின் முதுகு என்கிறார், அதையும் மங்கலான முதுகு என்கிறார், காலையோ பச்சை என்கிறார். பால்வெள்ளையாக இருக்கும் மற்றக் கொக்குகளுக்கு இந்த வர்ணனை பொருந்தாது. மங்கிய முதுகும் பசுமை கலந்த காலும் சேர்ந்து வருவது இந்த மடையானுக்குத்தான். அதுவும் விரிந்த பூவுக்குச் சொல்லவில்லை, மூடிய பூவுக்குச் சொல்கிறார். விரிந்தால் வெள்ளை, மடங்கினால் மங்கல் பழுப்பு என்பது பூவுக்கும் பறவைக்கும் ஒன்றுபோல நடக்கிறது. நிறத்துக்கு நிறம் சொன்ன உவமை இல்லை இது. ஒளித்துவைக்கும் விதத்துக்குச் சொன்னது.

சாயங்காலம் தண்ணீர்க் கரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒருவரால் மட்டும்தான் இதை எழுதியிருக்க முடியும். எனக்கு அன்றைக்கு இரண்டையும் ஒரே குட்டையில், ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வாய்த்தது. யாராவது காட்டினால்தான் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

"அது சரிங்க ஐயா, ஆனா அல்லி ராத்திரிதானே பூக்கும்னு எல்லாப் பாட்டுலயும் சொல்றாங்க?" என்றேன். என் கார்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அதுக்குத்தான் காலையில வரச் சொன்னேன். அல்லியில ரெண்டு ஜாதி இருக்கு. நீ எழுதினது ஒண்ணு, படம் போட்டது இன்னொண்ணு."

நீல நிறத்திலும் வெள்ளையிலும் பூப்பது பகல் அல்லி. வெயில் ஏறும்போது விரிந்து, சாயங்காலம் மூடும். தாவரவியலில் இதற்கு நிம்ஃபியா நௌசாலி என்று பெயர். இலங்கையின் தேசிய மலர் இதுதான். அங்கே நீல மானெல் என்பார்கள். இன்னொன்று இரவு அல்லி, நிம்ஃபியா பியூபெசென்ஸ். பொழுது சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். நிலாவோடு சேர்த்துப் பாடப்படுவது இந்த இரண்டாவது. ஓரம்போகியாரின் ஆம்பல் மாலையில் மூடுகிறது என்றால், அது பகல் அல்லியாகத்தான் இருக்க வேண்டும். புலவர் தவறு செய்யவில்லை. தவறு செய்தது நான்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. மடையான் எதிர்க்கரையிலிருந்து எழும்பி, மறுபடி ஒருமுறை வெள்ளையாகி, தூரத்துப் புளியமரத்தை நோக்கிப் போனது. வேறு திசைகளிலிருந்தும் கொக்குகள் அதே மரத்துக்கு வந்துகொண்டிருந்தன. கிளம்பலாமா என்று அத்தை பையன் சாவியை ஆட்டிக் காட்டினான்.

"பாட்டு இன்னும் முடியலை" என்றார் ஐயா.

மூன்றாவது அடியில் அந்தப் பெண், மாலை வந்துவிட்டது என்கிறாள். நாலாவது அடியில், இந்த மாலை தனியாக வரவில்லை, பின்னாலேயே இரவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்கிறாள். அதோடு பாட்டு நின்றுவிடுகிறது. காதலன் எங்கே போனான், எப்போது வருவான், ஒன்றும் சொல்லவில்லை. பூ மூடியாயிற்று, கொக்கு அடைந்தாயிற்று. சாயங்காலத்தை எப்படியோ தள்ளிவிடலாம், ராத்திரியை என்ன செய்வது என்பதுதான் அவளுடைய கவலை.

"முப்பத்தொரு வருஷம் வாத்தியார் வேலை. பாடத்துல இல்லாட்டியும் இந்தப் பாட்டைப் பசங்களுக்குச் சொல்லிடுவேன். கொக்கு, பூ, உவமைன்னு அரைமணி நேரம் பேசுவேன். நாலாவது அடியை மட்டும் ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவேன். அதுல விளக்க என்ன இருக்குன்னு நினைச்சேன்." டார்ச்சை எடுத்து எரிகிறதா என்று பார்த்தார். "வீட்டுல அவ போய் ரெண்டு வருஷம் ஆகுது. பொண்ணு வெளிநாட்டுல இருக்கு, தினமும் போன் பண்ணும். சாயங்காலம் இந்தக் குட்டைக்கு வந்துடுவேன். அது ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வரப்பில் டார்ச் வெளிச்சத்தை எங்கள் காலுக்கு முன்னால் அடித்துக்கொண்டே சாலை வரை வந்து விட்டுவிட்டுத் திரும்பினார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் கொக்குக் கதையைச் சொன்னேன். அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்தால், சேலை அசையும்போது ஒரு நிறமும் மடிப்பில் இன்னொரு நிறமும் தெரியும். மயில் கழுத்து நிறம் அப்படித்தான் வருகிறது. "பாவு பழுப்பு, ஊடை வெள்ளை. உன் கொக்கு அதுதான்" என்றார். "போடலாம். ஆனா யாரு கல்யாணத்துக்குக் கட்டுவா?" அத்தை உள்ளேயிருந்து சிரித்தார். அன்னம் போட்டிருக்கிறார், மயில் போட்டிருக்கிறார், இருதலைப்பட்சி போட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் கொக்கு கேட்டு ஒருவரும் வரவில்லையாம். பார்டரில் நிற்கிற அன்னத்தை நேரில் பார்த்தவர் யாருமில்லை. வாசலில் நிற்கிற கொக்குக்கோ பார்டரில் இடமில்லை.

தூக்கம் வரவில்லை. செல்போனில் தேட ஆரம்பித்தேன். பூவையும் நீர்ப்பறவையையும் ஒப்பிட்டுப் பார்த்தது நம்மவர்கள் மட்டும்தானா? இல்லை. ஜப்பானில் சகிசோ என்று ஒரு சின்ன ஆர்க்கிட் இருக்கிறது. பெயருக்கே கொக்குச் செடி என்றுதான் பொருள். பூ அச்சு அசலாக இறக்கை விரித்த வெண்கொக்கு. அங்கே வெள்ளைக் கொக்குக் கோட்டை என்று செல்லமாக அழைக்கப்படும் கோட்டை இருக்கும் ஹிமேஜி நகரத்தின் அதிகாரபூர்வ மலர் அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து நம் ஊர் ஹோட்டல் வாசல்களில் நிற்கிறதே, ஆரஞ்சும் நீலமுமாக அலகு நீட்டிய பூ, அதற்கு ஆங்கிலத்தில் நாரைப்பூ என்று ஒரு பெயர் உண்டு. தொட்டிகளில் வளர்க்கும் ஜெரேனியத்தின் பெயர்கூட நாரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதன் காய் நாரையின் அலகுபோல நீண்டிருக்கும்.

இவை எல்லாமே உருவ ஒற்றுமை. படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், யாருக்கும் புரிந்துவிடும். ஓரம்போகியார் சொன்னதைப் படத்தில் காட்ட முடியாது. விரிந்ததையும் மூடியதையும் இரண்டையும் பார்த்திருந்தால்தான் அது புரியும். எனக்கு அது ஒரு படி மேலே என்று தோன்றுகிறது. ஊர்ப்பாசம் என்று நீங்கள் சொன்னாலும் சரி.

நம் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கிடைத்தன. தேவாரத்தில் சிவன் சடையில் கொக்கிறகு சூடியிருப்பதாக வரும். அது கொக்கின் இறகு என்று ஒரு விளக்கம், அந்தப் பெயருள்ள ஒரு பூ என்று இன்னொரு விளக்கம். ஏகாம்பரநாதர் இருக்கும் ஊரில் படுத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. பறவையா, பூவா என்ற குழப்பம் கடவுள் தலைவரைக்கும் போயிருக்கிறது! இன்னொன்று திருக்குறள். 490-வது குறள், காலம் வரும்வரை கொக்கைப்போல ஒடுங்கியிருக்க வேண்டும், வந்ததும் கொக்கு குத்துவதுபோலக் குத்திவிட வேண்டும் என்கிறது. அந்த ஒடுக்கத்துக்கு வள்ளுவர் போட்டிருக்கும் வினை 'கூம்புதல்'. ஓரம்போகியார் ஆம்பல் மூடுவதற்குப் போட்டதும் அதே வினைதான். பூவும் கூம்பும், கொக்கும் கூம்பும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் குட்டைக்கரையில் இருந்தோம். அத்தை பையன் வர மாட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவன்தான் என்னை எழுப்பினான். பனி விலகவில்லை. ஐயா மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்.

நேற்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபதடி தள்ளி, நேற்று மொட்டாகக்கூட நான் கவனிக்காத இடத்தில், பெரிய பெரிய வெள்ளைப் பூக்கள் அகலத் திறந்திருந்தன. இரவு அல்லி. பகல் அல்லிகளோ பக்கத்திலேயே மூடியபடி நின்றன. ஒரே தண்ணீர், ஒரே வெள்ளை, ஆனால் இரண்டும் வேறு வேறு ஷிஃப்ட். கால் சென்டரில் வேலை பார்க்கும் என் அறைத்தோழியை நினைத்துக்கொண்டேன்.

பூ மூடியிருக்கும்போது எப்படி இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது? இலையைப் பார்க்கச் சொன்னார் ஐயா. இரவு அல்லியின் இலை ஓரம் முழுக்கப் பல் பல்லாக, அரம்போல இருக்கும். புரட்டித் தடவினால் அடிப்பக்கம் மெல்லிய ரோமம் படும். பகல் அல்லியின் இலை ஓரத்தில் அந்தக் கூர்மையான பற்கள் இருக்காது, அடியிலும் வழவழப்புதான். அடுத்தமுறை குளக்கரைக்குப் போனால் ஒரு இலையை மட்டும் புரட்டிப் பாருங்கள். பிடுங்க வேண்டாம்.

பூவின் நடுவே வண்டுகள் உருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொரு அல்லிப் பூவும் மூன்று நாலு நாள் இப்படித் திறந்து மூடும். பிறகு தண்டு தளர்ந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் பழுப்பது உள்ளேதான். பழம் வெடித்ததும் விதைகள் மிதந்துபோய் வேறு இடம் சேரும். அந்த விதைதான் அல்லி அரிசி. புறநானூற்றின் 248-வது பாட்டு, ஒக்கூர் மாசாத்தனார் எழுதியது, கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றியது. இளமையில் தழையுடையாக அணிந்த ஆம்பலே, இப்போது வேளை தப்பி உண்ணும் உணவுக்கு அரிசியாகவும் ஆகிவிட்டது என்கிறாள். இதைச் சொல்லிக்கொண்டு வந்த ஐயா, பாதியில் விட்டுவிட்டு, எதிர்க்கரையைக் காட்டினார்.

"வந்துட்டான் பாரு."

மடையான்தான். நேற்று பார்த்த அதே ஆளா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே இடம், அதே கூனல். இலைகளின்மேல் மெதுவாகக் கால் வைத்து நடந்து, ஒரு மூடிய பகல் அல்லி மொட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கழுத்தை இழுத்துக்கொண்டு, அலகை மேலே தூக்கி, அசையாமல். மொட்டும் நுனி கூராக, அசையாமல். நான் போனை எடுப்பதற்குள் அத்தை பையன் எடுத்துவிட்டான். இந்தக் கட்டுரைக்கு அவன் படம்தான் போயிருக்க வேண்டும், ஆனால் அவன் எடுத்தது வீடியோ, அதிலும் பாதி அவன் கட்டைவிரல்.

நற்றிணையில் 230-வது பாட்டும் இதே ஜோடியைத்தான் பாடுகிறது என்றார் ஐயா. ஆலங்குடி வங்கனார் பாட்டு. ஆம்பல் இலை பெண் யானையின் காதுபோல, மொட்டு குளத்துக் கொக்கைப்போல, அந்த மொட்டு விடியலில் கிழக்கே தோன்றும் வெள்ளியைப்போல இருள் விலக விரியும். அங்கேயும் விடிந்தால் விரியும் அல்லிதான், பகல் அல்லி. ஒருவர் பார்த்தது காலை, மற்றவர் பார்த்தது மாலை. நடுவே கொக்கு மட்டும் மாறவில்லை.

ஐயாவின் வீட்டில் காபி குடித்தோம். அவரே போட்டார், கொஞ்சம் சர்க்கரை தூக்கல். அலமாரியில் பி.எல்.சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இரண்டும் அட்டை கிழிந்து நூல் கட்டி இருந்தன. உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பும் இருந்தது. 1937-ல் வந்த பதிப்பின் மறுபதிப்பு. அதில் 122-வது பாட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி குறித்திருந்தது. அது என்ன தேதி என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குத் திரும்பிப் போகும்போது மறுபடி குட்டையை எட்டிப் பார்த்தோம். இரவு அல்லிகள் கிண்ணமாகச் சுருங்க ஆரம்பித்திருந்தன. பகல் அல்லிகள் விரிந்து முடித்திருந்தன. இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ளும் ஒரு மணி நேரம்தான் குட்டையின் மொத்த வெள்ளையையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய நேரம். நீங்கள் போவதாக இருந்தால் அந்த நேரத்துக்குப் போங்கள். முசரவாக்கத்துக்கே போக வேண்டும் என்றுகூட இல்லை. வேடந்தாங்கலுக்குப் போனால் நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டமாகக் கிடைக்கும், அது வேறு கண்காட்சி. மடையானுக்கு டிக்கெட் தேவையில்லை. அல்லி இருக்கிற, ஆகாயத்தாமரை இன்னும் மூடிவிடாத ஏதாவது ஒரு குளம் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால் போதும். இந்தக் குட்டையின் மூன்றில் ஒரு பங்கை ஆகாயத்தாமரை பிடித்துவிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. அது படர்ந்த இடத்தில் அல்லி இலைக்கு வெளிச்சம் கிடைக்காது. போன வருஷம் பாதி பிடித்திருந்ததாம். ஐயாவும் இரண்டு பழைய மாணவர்களும் இறங்கி இழுத்துப் போட்டிருக்கிறார்கள். "மழைக்கு மறுபடி வந்துடுச்சு. மறுபடி இழுக்கணும்" என்றார், கோலம் அழிந்துவிட்டது, மறுபடி போடணும் என்பதுபோல.

சென்னைக்கு வந்ததும் பழைய கார்டைத் திருத்தினேன். படத்தை மாற்றவில்லை, வரியைத்தான் மாற்றினேன். 'வெயிலில் விரிந்து மாலையில் மூடும் பகல் அல்லி. இதுபோலவே வெள்ளை பூ பூக்கும் இரவு அல்லி வேறு வகை.' இந்தமுறை லைக்குகள் குறைவு.

மதியம் போன் வந்தது.

"பாத்தேம்மா. விஷயம் சரியா இருக்கு."

"ரொம்ப நன்றிங்க ஐயா."

"'வெள்ளை பூ' இல்லம்மா. நடுவுல ஒரு 'ப்' வரணும்."